செராடோவுக்கு ஒரு வக்காலத்து

பிரேசில் போய்வந்தவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் அந்த நாட்டில் மொத்தமே மூன்று இடங்கள்தான் என்று தோன்றும். ரியோவில் கைவிரித்து நிற்கும் கிறிஸ்து, இகுவாசு அருவி, அமேசானில் ஒரு படகு. மூன்றும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 85 லட்சம் சதுர கிலோமீட்டர் நாடு அது. அதன் நடுவில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் செராடோ என்ற நிலப்பரப்பைப் பற்றி யாரும் மூச்சே விடுவதில்லை. என்னைக் கேட்டால் பிரேசிலைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

செராடோ படத்தில் எடுபடாது. புல்வெளி, சிவப்பு மண், முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டை மரங்கள். மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மழையே கிடையாது. காயும், தீப்பிடிக்கும், முதல் மழையில் மறுபடி துளிர்க்கும். தடித்த பட்டைதான் மரத்தைத் தீயிலிருந்து காப்பாற்றுகிறது. மரத்தின் பெரும்பகுதி நம் கண்ணுக்கே தெரியாது. சில மரங்களின் வேர் 15 மீட்டர் ஆழம்கூடப் போகும்.

பெய்த மழை அந்த ஆழமான மண்ணில் இறங்கி, வறண்ட மாதங்களிலும் ஊற்றாகக் கசிகிறது. தலைநகர் பிரசீலியாவை ஒட்டி அகுவாஸ் எமென்டாடாஸ் என்ற ஈரநிலம் இருக்கிறது. புரிட்டி பனைகள் நிற்கும் இடம். அதன் ஒரு முனையில் வழியும் தண்ணீர் வடக்கே டொக்கான்டின்ஸ் ஆற்றில் சேர்ந்து பெலெம் நகரம் இருக்கும் பக்கம் போகிறது. இன்னொரு முனையில் வழிவது தெற்கே பரானா ஆற்றில் கலந்து, அர்ஜென்டினா வரை போய், புவெனஸ் ஐரிஸ் அருகே கடலைச் சேர்கிறது. ஒரே சதுப்பிலிருந்து கண்டத்தின் வடக்குக்கும் தெற்குக்கும் தண்ணீர்! (பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் நினைத்தபோது உள்ளே போக முடியாது. அதுவும் நல்லதுதான்.)

2,800 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வறண்ட வடகிழக்குக்குத் தண்ணீர் கொடுக்கும் சாவோ பிரான்சிஸ்கோ ஆறு, மினாஸ் ஜெரைஸ் மாநிலத்துக் கனாஸ்ட்ரா மலையில் பிறக்கிறது. அதுவும் செராடோதான். சிறுத்தையைப் போலிருக்கும் ஜாகுவாரைப் பார்க்க எல்லோரும் ஓடும் பன்டனால் என்ற பெரிய சதுப்புநிலத்தை நிரப்புவதும் செராடோ மேட்டிலிருந்து இறங்கும் ஆறுகள்தான்.

ஆனால் நாடே இதை வெற்றுநிலமாகத்தான் நடத்தியது. 1960 ஏப்ரல் 21-ல் தலைநகரத்தை ரியோவிலிருந்து இந்த மேட்டுக்கு மாற்றினார் ஜனாதிபதி குபிச்செக். லூசியோ கோஸ்டா போட்ட நகரத் திட்டம், ஆஸ்கர் நீமையரின் கட்டடங்கள். நீமையரின் தேவாலயத்துக்கு நான் ரசிகன், ஆனால் அந்த நகரத்தை நடந்து போகிறவனுக்காகக் கட்டவில்லை. சரி, தலைநகரத்தோடு நெடுஞ்சாலைகள் வந்தன. 1973-ல் தொடங்கிய எம்ப்ராப்பா என்ற அரசு வேளாண் ஆய்வு நிறுவனம், அமிலத்தன்மை உள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு, வெப்பநாட்டுக்கு ஏற்ற சோயா ரகங்களை உருவாக்கியது. விஞ்ஞானமாகப் பார்த்தால் பெரிய சாதனை. கூடவே ஆப்பிரிக்கப் புல், அதை மேய நெலோரே மாடுகள். அந்த மாட்டின் மூதாதைகள் நம் நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் மாடுகள்! அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்து மாடு, இன்று பிரேசில் மாட்டிறைச்சித் தொழிலின் முதுகெலும்பு.

இப்போது செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. என் கோபம் சட்டத்தின் மேல். அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் 80 சதவீதத்தை வெட்டாமல் விட வேண்டும். செராடோவில் பெரும்பாலான இடங்களில் 20 சதவீதம் விட்டால் போதும். 1988 அரசியல் சாசனம் அமேசானையும் பன்டனாலையும் தேசியச் சொத்து என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, செராடோவைக் குறிப்பிடவில்லை. காடழித்து விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று 2006-ல் வியாபாரிகள் செய்த ஒப்பந்தமும் அமேசானுக்கு மட்டும்தான். விளைவு, 2023 கணக்கில் அமேசானில் அழிந்தது சுமார் 9,000 சதுர கிலோமீட்டர், செராடோவில் சுமார் 11,000.

உலகத்துக்குச் சோறு போடுகிறோம் என்பார்கள் சோயா விளைவிப்பவர்கள். பொய்யில்லை. ஆனால் பாஹியா மாநிலத்தின் மேற்கில் வட்ட வட்டமாகச் சுற்றும் பாசன இயந்திரங்கள் உறிஞ்சுவதும் இதே செராடோவின் நிலத்தடி நீரைத்தான். மேலே இருப்பதை வழித்துவிட்டுக் கீழே எத்தனை காலம் உறிஞ்சுவார்கள்?

பிரேசிலுக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரசீலியாவில் இறங்கி, வடக்கே இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் சப்பாடா டோஸ் வேயடேரோஸ் தேசியப் பூங்கா. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 120 மீட்டர் அருவி இருக்கிறது, கூட்டம் இகுவாசுவில் பாதிகூட இருக்காது. அங்கே சோற்றில் பெக்கி என்ற மஞ்சள் காயைப் போட்டுத் தருவார்கள். கடித்துவிடாதீர்கள், சதைக்குக் கீழே கொட்டை முழுக்க முள். முன்பல்லால் மெல்லச் சுரண்டித்தான் சாப்பிட வேண்டும்.