அம்மாவின் 310 யூனிட்

எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். மின்சார மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரே பலகையில் வரிசையாக இருக்கின்றன. மாசியில் ரீடிங் எடுத்துவிட்டுப் போன மறுநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு காரியம் செய்தார். எந்த வீடு இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் என்று ஒரு தாளில் எழுதி, அடியில் சராசரியையும் போட்டு, படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். சராசரி 440. அள்ளிச் செலவழிக்கும் மூன்று நான்கு வீடுகள் பார்த்துத் திருந்தட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான், பலனும் கிடைத்தது. 800-ஐத் தொட்டுக்கொண்டிருந்த மூன்றாவது மாடி வீடு, வெயில் ஏறியபிறகும் அடுத்த ரீடிங்கில் 690-க்கு இறங்கியது.

அதே தாளைப் பார்த்த என் அம்மாவின் கணக்கு ஏறியது.

அம்மாவுக்கு வயது 68. விடியற்காலையில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, வெயில் வருவதற்குள் சாத்திவிடுவார். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பார். கோடையில் ஏசியை இரவு பத்து மணிக்குப் போட்டு, பன்னிரண்டு மணிக்குத் தானே எழுந்து அணைத்துவிட்டு மின்விசிறியில் தூங்குவார். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. போன வருடம் கோடையில் அந்த இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டுக் கணக்கு 310 யூனிட். இந்த வருடம் அதே மாதங்களுக்கு 395. வெயில் கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நடுராத்திரியில் எழுந்து அணைக்கும் பழக்கம் நின்றுபோனது வெயிலால் அல்ல. கேட்டபோது அம்மா மறைக்காமல் சொன்னார்: "எல்லா வீட்டிலும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நாம் மட்டும் ஏன் வியர்வையில் கிடக்க வேண்டும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாள் அவருக்குச் சொன்ன செய்தி அதுதான். இத்தனை நாள் சிக்கனமாக இருந்தது யார் கண்ணிலும் படவில்லை, ஏமாந்தது மட்டும்தான் மிச்சம் என்று அது சொல்லியிருக்கிறது.

கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். வெஸ்லி ஷுல்ட்ஸ், ராபர்ட் சியால்டினி முதலிய உளவியலாளர்கள் சுமார் 290 வீடுகளின் கதவுகளில் ஒரு சீட்டை மாட்டினார்கள். நீங்கள் செலவழித்த மின்சாரம் இவ்வளவு, உங்கள் பகுதியின் சராசரி இவ்வளவு, அவ்வளவுதான் செய்தி. சராசரிக்கு மேல் இருந்தவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்கள் கூட்டினார்கள். மொத்தத்தில் சராசரி எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இன்னொரு பகுதி வீடுகளுக்குப் போன சீட்டில் ஒன்றே ஒன்றுதான் கூடுதல்: குறைவாகச் செலவழித்தவருக்கு ஒரு சிரித்த முகம், அதிகம் செலவழித்தவருக்கு ஒரு வாடிய முகம். அந்தச் சிரித்த முகத்தைப் பெற்ற வீடுகள் தங்கள் சிக்கனத்தைக் கைவிடவில்லை. 2007-இல் இந்த ஆய்வு வெளியானது. எங்கள் படிக்கட்டுச் சுவரில் இல்லாமல் போனது அந்த முகம்தான்.

மின்சாரச் சிக்கனம் பற்றி நாம் நடத்தும் பிரசாரம் எல்லாம் வீணடிப்பவரைப் பார்த்தே பேசுகிறது. "மின்சாரத்தை வீணாக்காதீர்" என்று சுவரில் எழுதுகிறோம், பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். ஏற்கெனவே குறைவாகச் செலவழிக்கும் கோடிக்கணக்கான வீடுகளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெரும்பாலும் அந்த வீடுகளில் சிக்கனத்தைச் சுமப்பவர் ஒரு பெண், அதிலும் வயதான பெண். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சோதனை உண்டு. அமெரிக்காவில் சில வீடுகளுக்கு வாரம் ஒரு அஞ்சலட்டை அனுப்பினார்கள். நீங்கள் மின்சாரப் பயன்பாடு பற்றிய ஓர் ஆய்வில் இருக்கிறீர்கள் என்பதே அதில் இருந்த சேதி. ஆலோசனை இல்லை, பரிசு இல்லை, குறையுங்கள் என்ற வேண்டுகோள்கூட இல்லை. ஆனாலும் அந்த வீடுகளில் செலவு 2.7 சதவீதம் குறைந்தது. அட்டை நின்றதும் பழையபடி ஆகிவிட்டது. 2013-இல் வெளிவந்த அந்த முடிவைப் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

"பணம் மிச்சமாகும் என்று சொன்னால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 118 குடியிருப்புகளில் இதைச் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற செய்தி. இன்னொரு சாராருக்கு, உங்கள் மின்சாரத்துக்காக எவ்வளவு புகை காற்றில் கலக்கிறது, குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற செய்தி. பணச் செய்தியால் பலன் இல்லை. புகைச் செய்தி பெற்ற வீடுகள் 8 சதவீதம் குறைத்தன, குழந்தைகள் உள்ள வீடுகள் 19 சதவீதம். டெல்லியை ஒட்டிய அடுக்ககங்களில் அனந்த் சுதர்சன் நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு வாராவாரம் அறிக்கை கொடுத்த வீடுகளில் கோடைக்காலச் செலவு சுமார் 7 சதவீதம் குறைந்தது. அதே அறிக்கையோடு ஊக்கத்தொகையையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. காசு உள்ளே வந்ததும் மானம், மரியாதை, பொறுப்பு எல்லாம் வெளியே போய்விடுகின்றன என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நூறு இருநூறு ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

நம்மூர்க் கட்டண முறையும் நம் மனத்தில் ஒரு வேலை செய்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டை அறியாத குடும்பத் தலைவி தமிழ்நாட்டில் அபூர்வம். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 ஆனால் 1,958 ரூபாய். ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப்பின் விலை ஏறியிருக்கிறது, கோடு அப்படியே இருக்கிறது. 480-இல் நிற்கும் வீட்டை இந்தக் கோடு பயமுறுத்தி நிறுத்துகிறது, சரி. 310-இல் நிற்கும் வீட்டுக்கு அது என்ன சொல்கிறது? இன்னும் 190 பாக்கி இருக்கிறது, தாராளமாகச் செலவழி என்கிறது. அம்மாவும் அதைச் சொன்னார், "ஐந்நூறைத் தாண்டவில்லையே" என்று. எல்லை என்று போட்ட கோடு உரிமை என்று ஆகிவிட்டது.

அத்துடன், இரண்டு மாதம் கழித்து வரும் ஒரு தொகையை வைத்துக்கொண்டு எதை எப்போது குறைப்பது? மளிகைக் கடைக்காரர் எந்தச் சாமானுக்கும் விலை சொல்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்து, அறுபது நாள் கழித்து மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகளைக் கூட்டிக்கொண்டு மீட்டர் பலகைக்குப் போனேன். எங்கள் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டும். 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மேலேயே அச்சிட்டிருக்கிறது. வீட்டில் ஃபிரிட்ஜ் வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டு வந்திருந்தோம். இருட்டில் நின்று பார்த்தோம். சிவப்பு விளக்கு அசையவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதா என்று மகள் கேட்டாள். இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறை சிமிட்டியது. பிறகு அம்மாவைக் கைபேசியில் அழைத்து கீசரைப் போடச் சொன்னேன். அவ்வளவுதான், நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு முறை, படபடவென்று அடித்துக்கொண்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நிறுத்தச் சொல்லுங்கள்" என்றாள்.

எங்கள் 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தில் அந்த பல்பு ஒன்பது நாள் இரவும் பகலும் எரியும். ஆனால் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் திட்டு வாங்குவது "லைட்டை அணைக்காமல் வந்த" பிள்ளைதான். குண்டு பல்பு காலத்தில் அது நியாயம். இன்று நாம் தவறான இடத்தில் காவல் காக்கிறோம். 2010-இல் அமெரிக்காவில் 505 பேரிடம் கேட்டுப் பார்த்தபோது அங்கும் இதே நிலைதான். விளக்கை அணைப்பது பெரிய சேமிப்பு என்று பலர் நம்பினார்கள். மின்சாரச் செலவையும் சேமிப்பையும், உண்மையில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத்தான் சராசரியாக மதிப்பிட்டார்கள். கண்ணுக்குத் தெரிவது விளக்கு மட்டும் என்பதால் வரும் பிழை இது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததை நான் வரவேற்றேன். வந்த இடத்திலேயே விட்டுவிடுவது மனித இயல்பு, அதற்குப் போதனை தேவையில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ரீடிங் எடுத்ததும் எல்லோர் கைபேசிக்கும் குறுஞ்செய்தி வருகிறதே, அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். போன வருடம் இதே மாதங்களில் எவ்வளவு, உங்கள் தெருவில் உங்களைப் போன்ற வீடுகளில் எவ்வளவு. குறைவாகச் செலவழித்த வீட்டுக்குக் கட்டாயம் ஒரு நல்ல வார்த்தை. அமெரிக்காவில் ஓபவர் என்ற நிறுவனம் மின் விநியோக நிறுவனங்களுக்காக இப்படிப்பட்ட அறிக்கைகளை அனுப்பியது. சுமார் 6 லட்சம் வீடுகளின் கணக்கை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஹன்ட் ஆல்காட், சராசரியாக 2 சதவீதம் குறைந்ததாகக் கண்டார். இவ்வளவுதானா என்று தோன்றும். அதே பலனைக் கட்டணத்தை உயர்த்திப் பெற வேண்டுமானால் குறுகிய காலத்தில் 11 முதல் 20 சதவீதம் வரை ஏற்ற வேண்டியிருக்கும் என்பதும் அவர் போட்ட கணக்கே. கட்டணம் ஏறினால் யார் வயிற்றில் அடி விழும் என்று நமக்குத் தெரியும்.

செயலாளரிடம் பேசினேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனி மாதம் ஒட்டிய தாளில், சராசரிக்குக் கீழே இருந்த ஐந்து வீடுகளுக்கு எதிரில் பச்சை மையில் "நன்றி" என்று எழுதியிருந்தார். அதில் எங்கள் வீடும் ஒன்று. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார், வேறு யார் யாருக்கு என்று பார்த்தார். பிறகு நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய்விட்டார். தனியாள் இருக்கும் வீட்டையும் ஆறு பேர் இருக்கும் வீட்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம், இரண்டாவது மாடியில் படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு ஏசியை அணைக்க முடியுமா, அந்த வீட்டுப் பெண் இந்தத் தாளைத் தினமும் தாண்டித்தானே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். செயலாளரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆவணித் தாளில் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு பத்தி கூடுகிறது. இரண்டாவது மாடி வீட்டின் எண்ணை எழுதப்போவதில்லை.