பழைய பிக்கப்பும் சின்ன காரும் ஒரே செலவு கிடையாது

“ஆல்டோ கார் விலைக்கே பழைய பொலிரோ பிக்கப் (பின்னாடி சரக்குத் தொட்டி இருக்கிற வண்டி) கிடைக்கும், எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் போதும், வருஷச் செலவும் கார் மாதிரிதான்”னு ஒருத்தர் எழுதியிருக்கார். அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

லைசென்ஸ் பத்தி சொன்னது சரி. 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. போதும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே உறுதி செஞ்சிருக்கு.

செலவு பத்தி சொன்னதுதான் தப்பு. பிக்கப் மஞ்சள் போர்டு, அதாவது வணிக வண்டி. 2022 ஜூன் 1-ல் அமலான கட்டணப்படி, 1000 சிசிக்குள்ள இருக்கிற சொந்தக் காருக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 2,094 ரூபாய். 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய்! ஜிஎஸ்டி தனி. அதோட எட்டு வயசு தாண்டின பிக்கப்புக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதின்னு சொல்ற சான்றிதழ்) எடுக்கணும். பழசு வாங்குறவங்க மாட்டிக்கிறது இங்கேதான்.

ஓட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். பெங்களூரு அல்சூர்ல காலி பிக்கப்பை ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தினேன், பின்பக்கம் துள்ளி எகிறிடுச்சு. பின்னாடி இருக்கிற அந்த லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை) மூட்டைக்குன்னே போட்டது. கலாசிபாளையம் மார்க்கெட்ல தக்காளிப் பெட்டி அடுக்கின பிறகுதான் வண்டி அடங்கி ஓடிச்சு.

தினமும் சரக்கு இருந்தா தாராளமா பிக்கப் எடுங்க. பிள்ளைங்களை ஸ்கூல்ல விட, வாரக்கடைசியில ஓசூர் போய்வரன்னா ஆல்டோவே எடுங்க. பிக்கப் தொட்டியில குடும்பத்தை உட்கார வெச்சு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க.