கையேட்டின் 15 நொட் தாண்டக் கூடாத எல்லையா?

குறுக்குக் காற்றில் தரையிறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிக் கவிழ்ந்த செஸ்னா 172 சிறு விமானத்தின் காணொளி பற்றி, "விமானக் கையேட்டில் 15 நொட் எல்லை என்று இருக்கிறது, அதை மீறிய விமானியே குற்றவாளி, சோளகக் காற்று அடிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இவ்வகை விமானம் இறங்கவே கூடாது" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான விளக்கம்.

கையேடு கூறும் 15 நொட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர், சோதனைப் பறப்பில் இறக்கிக் காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவேயன்றிச் சட்ட வரம்பு அல்ல. (பயிற்சிக் கழகங்கள் மாணவருக்கு அதைவிடக் குறைத்து வரம்பிடுவது வேறு விடயம்.)

மேலும், கணக்கில் எடுக்க வேண்டியது ஓடுபாதைக்குச் செங்குத்தாக அடிக்கும் காற்றின் கூறு மட்டுமே. பலாலி ஓடுபாதை 05/23, அதாவது திசைகாட்டியில் ஏறத்தாழ 50, 230 பாகைகளை நோக்கி வடகிழக்கு–தென்மேற்காகக் கிடப்பதால், தென்மேற்குச் சோளகம் ஏறக்குறைய நேர்முகமாகவே வரும். நேர் மேற்கிலிருந்து 20 நொட்டில் வீசும் கச்சான்கூட 13 நொட் அளவிலான குறுக்குக் கூறையே தரும்.

சீரான காற்றைவிட வீச்சுக் காற்றே சங்கடமானது. 12 நொட் காற்று இடையிடையே 22 ஆக எகிறினால், அவ்வித்தியாசத்தின் பாதியான 5 நொட்டை அணுகு வேகத்தில், அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும் வேகத்தில், கூட்டிக்கொள்வது விமானிகளின் வழக்கம். ஆனால் காற்றுப் பக்கச் சில்லு நிலத்தைத் தொட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. வேகம் குறையக் குறைய எய்லரோனின் (இறக்கையின் பின்விளிம்பிலுள்ள, விமானத்தைப் பக்கவாட்டில் சரிக்கும் மடிப்புத் தகட்டின்) வலுவும் குறைவதால், கட்டுப்பாட்டுப் பிடியைக் காற்றுப் பக்கமாக மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும், அதைத் தளர்த்தினால் அடுத்த வீச்சு அந்த இறக்கையைத் தூக்கிவிடும். காணொளியிலும் இறக்கை எழும்புவது சில்லு தொட்ட பிறகுதான் என்பதால், அக்கணத்தில் எய்லரோன் எந்நிலையில் இருந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.