துண்டு விரிக்க இடமில்லாத கடற்கரை

கிரேக்க நாட்டின் பாரோஸ் தீவில் ஒரு கடற்கரை. இரண்டு சாய்வு நாற்காலி, நடுவில் ஓலை வேய்ந்த ஒரு குடை. வாடகை 40 யூரோ. தண்ணீரை ஒட்டிய முன்வரிசை என்றால் 60. நாங்கள் நாலு பேர், ஆகவே இரண்டு செட் எடுக்க வேண்டுமாம். அந்தப் பணத்தில் நாலு பேரும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறோம் ஐயா! சரி, நாற்காலியே வேண்டாம், கொண்டுவந்த துண்டை மணலில் விரித்துக்கொள்கிறோம் என்றால், "இங்கே விரிக்கக் கூடாது, அந்தக் கோடிக்குப் போங்கள்" என்கிறான் பீச் பார் பையன். அந்தக் கோடியில் என்ன இருக்கிறது? கல், காய்ந்த கடற்புல், பாரின் குப்பைத் தொட்டி.

பாரோஸ் தீவுக்கு எதற்குப் போனோம்? சான்டோரினி, மிக்கோனோஸ் தீவுகள் நம் பைக்குக் கட்டாது, இங்கே கொஞ்சம் குறைவாக முடித்துக்கொள்ளலாம் என்றுதான். வேகக் கப்பலை விட்டுவிட்டு, ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெதுவான பெரிய கப்பலில் ஏறினோம். மேல்தளத்தில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். அறை பரிக்கியாவில், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள். மதியம் யீரோஸ் என்று ரொட்டியில் சுருட்டிய இறைச்சி, இரவு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய தக்காளியும் ஃபெட்டா சீஸும் ரொட்டியும். அறை வாடகைக்கு மேல் ஒரு இரவுக்கு 8 யூரோ காலநிலைக் கட்டணம் என்று அரசு வசூலிக்கிறது, அதையும் முணுமுணுக்காமல் கொடுத்தோம். தண்ணீரே தட்டுப்பாடான தீவு, கூட்டம் கூடினால் செலவு இருக்கத்தானே செய்யும். இத்தனை இடத்தில் இழுத்துப் பிடித்தது எதற்கு? கடல் சும்மா கிடைக்கும் என்பதற்குத்தான். அந்தச் சும்மாவுக்கும் ரசீது போட்டுவிட்டார்கள்.

ஏதோ தனியார் தோட்டத்துக்குள் நுழைந்ததற்கு நான் கத்தவில்லை. கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. அரசு அதில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடலாம், அவ்வளவுதான். 2024-இல் கொண்டுவந்த புதுச் சட்டம் இன்னும் தெளிவு: குத்தகைக் கடற்கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி என்றால் 70 சதவீதம். முதல் வரிசை நாற்காலி தண்ணீரிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த முன்வரிசையில் நாற்காலியின் காலை அலை நனைத்துக்கொண்டிருந்தது! நாலு மீட்டராம், நாலு மீட்டர். நடந்து போக வேண்டும் என்றால்கூட யாரோ ஒருவர் கழற்றிப் போட்ட செருப்பைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும்.

இந்தச் சட்டமும் தானாக வந்துவிடவில்லை. 2023 கோடையில் இதே பாரோஸ் மக்கள் கையில் துண்டோடு கடற்கரைக்கு வந்து போராடினார்கள். துண்டு போட்டு இடம் பிடிப்பது பேருந்தில் நமக்குப் பழகிய கலைதான், அவர்கள் அதையே இயக்கமாக்கிவிட்டார்கள். பக்கத்துத் தீவான நக்ஸோஸ், பிறகு மற்ற ஊர்கள் என்று அது பரவியது. தன் ஊர் மணலில் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உட்கார முடியாதவருக்கு வந்த கோபம் அது. ஒரு வாரம் வந்து போகிற என்னைவிட அவர்களுக்கு நூறு மடங்கு நியாயம் உண்டு.

காற்று வேறு. கோடையில் ஏகியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். அது வலுத்த நாளில் வடக்கு பார்த்த கரைகளில் அலை புரட்டி எடுக்கும், முகத்தில் மணலை வாரி அடிக்கும். ஆகவே தீவில் இருக்கிற அத்தனை பேரும் காற்று மறைந்த ஒன்றிரண்டு கரைக்கே படையெடுக்கிறார்கள். அங்கேதான் நாற்காலிகளும் அணிவகுத்து நிற்கின்றன. மரநிழலாவது கிடைக்குமா என்று பார்த்தால், சவுக்கு போன்ற தாமரிஸ்க் மரங்களின் அடியிலும் நாற்காலி. மரத்தை நட்டது இந்த பார்தானா? அடுத்த கரைக்குப் போகலாம் என்றால் பேருந்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே ரோட்டில் காய வேண்டும்.

இதற்கென்றே அரசு 'மை கோஸ்ட்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. எந்த இடம் குத்தகை, எது காலி என்று வரைபடத்தில் காட்டும், படம் எடுத்துப் புகாரும் அனுப்பலாம். நான் போனை எடுத்தேன். உடனே எங்கள் கூட்டத்தின் வள்ளல் ஆரம்பித்துவிட்டான்: "விடு மச்சான், லீவுல வந்து எவனாவது கம்ப்ளெயிண்ட் எழுதுவானா? காசைக் குடுத்துட்டுப் படுப்போம்." இந்த "காசைக் குடுத்துட்டு"தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாரோஸுக்கு வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இவனைப் போல ஒருவன் இருப்பதால்தான் 40 என்று கூசாமல் சொல்கிறார்கள். கப்பல் டிக்கெட்டில் பத்து யூரோ மிச்சம் பிடிக்க எங்களை வெயிலில் உட்கார வைத்தவனும் இவனே!

சொன்னபடியே ஒரு செட் எடுத்துப் படுத்தும்விட்டான். பக்கத்து நாற்காலியில் இன்னொருத்தன். நானும் மிச்சமிருந்த ஒருவனும் குப்பைத் தொட்டி ஓரம். நிழல் நகர நகர நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம்.

இரவு அறைக்கு வந்து செலவுக் கணக்குச் செயலியைத் திறந்தால், அந்த 40 யூரோ பொதுச் செலவில் ஏறியிருக்கிறது. நாலால் வகுத்து, என் பெயரில் பத்து. ஏன்டா என்று கேட்டால், என் பை அவன் குடை நிழலில்தான் இருந்ததாம். ஒரு சென்ட்கூடக் கொடுக்க மாட்டேன்.