பத்தாங் பெர்ஜுந்தை என்று தேடினால் அக்கா கடை தெரிகிறதா?

அக்காவின் பலகார இணையத்தளம் கூகுள் தேடலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று ஒரு நிறுவனம் எட்டு மாதம் அறிக்கை அனுப்பியது. மாதம் 350 ரிங்கிட். ஒவ்வொன்றிலும் பச்சை அம்புக்குறி, பக்கத்தில் 'முதலிடம்'. எதில் முதலிடம் என்று போன வருஷம்தான் உட்கார்ந்து பார்த்தேன். கடையின் பெயரில்! கடைப் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு அக்காவை ஏற்கெனவே தெரியும். அவர் எப்படியும் வந்திருப்பார். விஷயத்தைச் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. "அந்தக் காசுக்கு எத்தனை கிலோ உளுந்து வாங்கியிருக்கலாம் தம்பி" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது.

அதே அறிக்கை எங்களைக் கோலாலம்பூரில் இருக்கும் பெரிய இனிப்புக் கடைகளோடு ஒப்பிட்டிருந்தது. அக்காவின் ஆர்டர் அங்கேயா போகிறது? தொலைபேசியில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்களிடம், வேறு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுப் பார்த்தோம். கோல சிலாங்கூரில் ஒரு வீடு, ஈஜோக்கில் ஒருவர், ரவாங்கில் ஒரு கடை. போட்டி இந்த மூன்று பேரோடுதான்.

எந்தச் சொல்லில் தேடுகிறார்கள் என்பதுதான் அடுத்தது. மெனக்கெட வேண்டிய இடமும் அதுதான். பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. அக்கா தளத்தில் இந்தப் புதுப் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் மலேசியாவில் முதன்முதலாக 1917இல் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இருக்கும் வட்டாரம் இது. இங்குள்ள தோட்டங்களை விட்டுப் போய் இன்று கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் இருக்கிறவர்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தேடும்போதும் அதைத்தான் தட்டுகிறார்கள். எந்தச் சொல்லுக்கு நம் தளம் எத்தனையாவதாக வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தால் அந்தப் பழைய பெயரில் நாங்கள் இரண்டாம் பக்கத்தில் கிடந்தோம். ஈஜோக்காரர் இரண்டு பெயரையும் போட்டிருந்தார். முறுக்கும் அப்படித்தான். ரோமன் எழுத்தில் நம் ஆட்கள் இரண்டு 'கே' போடுவார்கள், மலாய்க்காரர்கள் ஒன்றோடு விடுவார்கள், சிலர் 'மருக்கு' என்றே எழுதுவார்கள். மூன்று பேரும் தேடுவது ஒரே பலகாரத்தை.

சர்ச் கன்சோல் இலவசம். ஆனால் அதில் நம் தளத்தின் கணக்கு மட்டுமே தெரியும், அடுத்த கடையின் கணக்கு வராது. காசு கட்டி வாங்கும் கருவிகள் அடுத்த கடைக்குக் காட்டும் எண்கள் மதிப்பீடுதான். நம்மைப் போன்ற சின்னத் தளங்களுக்குப் பல நேரம் பூஜ்யம் என்றே காட்டும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். நாமே தேடிப் பார்ப்பதுதான் வழி, அதையும் வாடிக்கையாளர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். உள்ளூர்த் தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் தேடினால் அக்காதான் முதல். ரவாங்கில் இருக்கும் சின்னம்மா மகள் தேடினால் ஆளையே காணோம். தேடியதைச் சேமித்து வைக்காத இன்காக்னிட்டோ சன்னலில் தேடினாலும் நாம் இருக்கும் இடம் மறைந்துவிடாது.

இன்னொன்று, எல்லாச் சொல்லுக்கும் சேர்த்து சர்ச் கன்சோல் காட்டும் சராசரி இடம் இறங்கியதைப் பார்த்து நான் ஒரு வாரம் தூங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, புதிய சொற்களில் கடைசி வரிசையிலாவது தெரிய ஆரம்பித்தால் சராசரி இறங்கத்தான் செய்யும். சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பாருங்கள்.

மாதக் கணக்கும் நம் தொழிலுக்கு ஏமாற்றும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் ஒரு வருஷம் வளர்ந்த மாதிரியும் மறு வருஷம் விழுந்த மாதிரியும் தெரியும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தைப் போன தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தோடு வைத்துப் பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கிறது, அது போதும்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில் பத்துச் சொல், நான்கு கடை, எத்தனையாவது இடம் என்று எழுதிவிடுகிறேன். கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் சொந்தக்காரர்கள் தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். ஒரு மணி நேர வேலை. எங்கள் பக்கம் வீட்டிலிருந்து தொழில் செய்கிற அக்கா தங்கச்சிகள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

இரண்டு ஊர்ப் பெயரையும் தளத்தில் சேர்த்த பிறகு, போன ஞாயிறு கிள்ளானிலிருந்து வந்த படத்தில் பழைய பெயருக்குக் கீழே மூன்றாவதாக அக்காவின் அச்சு முறுக்கு இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மேலே இருக்கிற ரெண்டும் யாருடையதுடா?" என்றார்.