ஒழுக ஒழுக ஊற்றுவதற்குப் பெயர் பராமரிப்பா?

டிரான்ஸ்பார்மருக்கு அடியில் மண் கறுத்துப் பிசுபிசுவென்று கிடக்கும். சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் மேல் எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பி, தார் பூசியதுபோல் இருக்கும். புகார் கொடுத்தால் மின்நிறுவனத்திலிருந்து ஒருவர் கேனோடு வருவார். கரண்டை நிறுத்தி, அளவுக்கோடு வரை எண்ணெயை ஊற்றி, கீழே இரண்டு சட்டி மணலைத் தூவிவிட்டு, 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போவார். சில மாதம் கழித்து மறுபடியும் அதே கேன், அதே மணல். போன தடவை ஊற்றியது எங்கே போனது என்று அந்த நிறுவனத்தில் ஒருவர்கூடக் கேட்க மாட்டாரா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். அது கண்ணில் பட்டுவிடும், யாராவது கத்துவார்கள். பத்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால்? 'லேசான கசிவு' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த லேசான கசிவு வருஷத்துக்கு 150 லிட்டருக்கு மேல்! முழுக்க மண்ணுக்குள். மழை பெய்தால் தண்ணீர்மேல் மிதந்து சாக்கடைக்கு.

எங்கே ஒழுகும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. புஷ்ஷிங்கின் (மின்கம்பி உள்ளே போகும் பீங்கான் குழலின்) அடி, மேல்மூடியின் ஓரம், வடிகால் வால்வு, ரேடியேட்டரின் வெல்டிங். முதல் மூன்று இடத்திலும் பெரும்பாலும் கோளாறு கேஸ்கட்டில்தான், அதாவது இரண்டு இரும்பு முகத்துக்கு நடுவே இடைவெளியை அடைக்க வைக்கும் பட்டையில்தான். கார்க்-ரப்பர் கேஸ்கட் சூட்டிலும் வெயிலிலும் காய்ந்து இறுகிப்போகும். மூடியைத் திறந்து வேலை பார்த்துவிட்டு, நசுங்கிய அதே கேஸ்கட்டையே திரும்ப வைத்து மூடினால் அது மறுபடி உப்பி எழுந்து இடைவெளியை அடைக்காது. ஒழுகுகிறதே என்று ஸ்பேனரைப் போட்டு ஒரே பக்கமாக முறுக்கினால் கேஸ்கட் பிதுங்கிக் கிழியும், புஷ்ஷிங் பீங்கானே விரிசல் விடும். வெல்டிங்கில் ஊசித்துளை என்றால், எண்ணெய் ஊறிய இரும்பின்மேல் எபாக்சி என்ற ஒட்டுப்பொருளைப் பிசைந்து அப்புகிறார்கள். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் எந்த எபாக்சி ஒட்டும்?

செய்ய வேண்டியது இதுதான். மின்சாரத்தை நிறுத்தி எர்த் செய்யுங்கள். கசியும் மட்டத்துக்குக் கீழே வரும்வரை எண்ணெயைச் சுத்தமான, ஈரமில்லாத பீப்பாயில் வடியுங்கள். பழைய கேஸ்கட்டை ஒட்டின துணுக்குகூட இல்லாமல் சுரண்டி, இரும்பு முகத்தைத் துடைத்து, புது நைட்ரைல் ரப்பர் கேஸ்கட்டை வையுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சில மணி நேர வேலை. கேன் தூக்கி வருபவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர் கையில் கேஸ்கட்டையும் கொடுப்பதில்லை, அந்தச் சில மணி நேர மின்நிறுத்தத்துக்கு அனுமதியும் கொடுப்பதில்லை.

இதை 'சுற்றுச்சூழல் செலவு' என்று ஓரங்கட்டுவதுதான் தாங்கவே முடியவில்லை. எண்ணெய் வெளியே வரும் வழியில்தான் ஈரம் உள்ளே போகும். மட்டம் இறங்கினால் குளிரூட்டலும் போகும், இன்சுலேஷனும் போகும். கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்து டிரான்ஸ்பார்மரே போகும்.

துணை மின் நிலையத்துக்குள் போனால் இன்னும் மோசம். பெரிய டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் பல்லாயிரம் லிட்டர் இருக்கும். அது உடைந்தால் தாங்குவதற்கென்றே சுற்றிலும் தொட்டி கட்டுகிறார்கள், எண்ணெயின் கொள்ளளவில் 110 சதவீதம் என்பது வழக்கமான அளவு. கட்டியதெல்லாம் சரி. ஆனால் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று வடிகால் வால்வைத் திறந்தே போட்டுவிடுகிறார்கள்! அப்புறம் அது தொட்டி இல்லை, சாக்கடைக்கு எண்ணெயை அனுப்பும் புனல். வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரை ஆள் பக்கத்தில் நின்று, மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் விட வேண்டும்.

பழைய டிரான்ஸ்பார்மர்களின் எண்ணெயில் பி.சி.பி. என்ற நஞ்சும் இருக்கலாம். இப்படிப்பட்ட நச்சுகளை ஒழிப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மின்சாதனங்களில் அதன் பயன்பாட்டை நிறுத்த வைத்த கெடு 2025, கழிவை முறையாக அழிக்க வைத்த கெடு 2028. அப்படியிருக்க, எண்ணெயை வடிகட்டும் ஒரே இயந்திரத்தையும் ஒரே ஹோஸையும் சோதனை இல்லாமல் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்காகக் கொண்டுபோய் மாட்டினால், சுத்தமான எண்ணெயிலும் நஞ்சு கலக்கும். 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) தாண்டினால் போதும், நல்ல எண்ணெய் முழுவதும் பி.சி.பி. கழிவாகிவிடும்.

எண்ணெயாவது மண்ணைக் கறுப்பாக்கிக் காட்டிக்கொடுக்கிறது. மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரில் இன்சுலேஷனுக்காக அடைத்திருக்கும் எஸ்.எஃப்.6 வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ சுமார் 23.5 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அழுத்தம் குறைந்து அலாரம் அடித்தால் இங்கேயும் அதே கதை, சிலிண்டரை மாட்டி நிரப்பிவிட்டு அலாரத்தை அணைப்பது. சோப்பு நுரை தடவியோ கசிவுமானியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தியோ தேடுவதே இல்லை. வருஷ ஆரம்பத்தில் சிலிண்டர்களில் இருந்தது, வாங்கியது, வருஷ முடிவில் மிச்சம் இருப்பது, புதுச் சாதனத்துக்கு ஏற்றியது, பழையதிலிருந்து மீட்டது. இந்த ஐந்தையும் எடைபோட்டு எழுதினால் காற்றில் விட்டது எத்தனை கிலோ என்று தானாக வந்துவிடும். தராசும் ஒரு நோட்டும் போதும். ஆண்டறிக்கையில் நட்ட மரக்கன்றுகளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ண என்ன கேடு?

ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் எண்ணுக்கும் நேராக, ஊற்றிய லிட்டரையும் தேதியையும் எழுதுங்கள். ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவை கேன் கேட்டு வந்தால் கேனைக் கொடுக்காதீர்கள். கேஸ்கட்டையும் மின்நிறுத்த அனுமதியையும் கொடுத்து அனுப்புங்கள். கறுத்த மண்ணை வெட்டியெடுத்து, கசியாத பீப்பாயில் மூடி, எண்ணெய்க் கழிவாக அனுப்புங்கள். அதன்மேல் மணலைத் தூவி மறைக்காதீர்கள்.