மிதவாதி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கருத்துக்கணிப்பை வைத்து வாக்காளர்களை முற்போக்கு, மிதவாதம் என்று உங்கள் கட்டுரை பிரித்திருப்பது தருமபுரிப் பக்கம் எடுபடாது. இட ஒதுக்கீடு வேண்டும், டாஸ்மாக்கை மூடணும், சாதி மாறிக் கல்யாணம் மட்டும் கூடாது என்பவரை எதில் சேர்ப்பீர்கள்? கருத்துக்கணிப்பில் கோளாறே இங்கேதான். ஒரு கேள்வியில் இந்தக் கோடியிலும் அடுத்ததில் அந்தக் கோடியிலும் நிற்பவரின் மதிப்பெண்ணைச் சராசரி எடுத்தால் நடுவில் வந்து விழுவார், உடனே 'மிதவாதி'! உண்மையில் எதிலும் மிதமில்லாத ஆள் அவர். சராசரியை விட்டுவிட்டு இட ஒதுக்கீடு, மது, கலப்பு மணம், ஒகேனக்கல் குடிநீர் என ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். இவற்றில் எதற்காகக் கட்சி மாறிப் போடுவார் என்பதையும் கேட்க வேண்டும். பலர் விடுவது அதைத்தான். பாமக 2004இல் திமுக அணி, 2009இல் அதிமுக அணி, 2014இல் பாஜக அணி. அதன் வாக்காளர் பத்து வருஷத்தில் மூன்று கொள்கை மாறினார் என்றா எழுதுவீர்கள்?